சுட்டுவிரலடியில் ஒரு வெட்டு

எச்பி5 பிலிம் பெட்டி மூன்று அடுக்கு. கடைசி அடுக்கைக் கழற்றும்போது பெட்டி ஒருதரம் மூச்சு விடும். இறுக்கமான பெட்டி என்றால் மூச்சு நீளம். உள்ளே உறை, உறைக்குள் மட்டை, மட்டைகளுக்கு நடுவே 25 தாள். மேல் தாளை ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்கி, நெடுக்காக நிறுத்தி, வலது மேல் மூலைக்குச் சுட்டுவிரலை அனுப்பினால் அங்கே வெட்டு இருக்கும். விரல் அதில் உட்கார்ந்துவிட்டால் மருந்துப் பக்கம் என்னைப் பார்த்தபடி நிற்கிறது என்று பொருள். இதற்கு மேல் ஒரு படக்காரனுக்கு இருட்டில் என்ன செய்தி வேண்டும்?

எனக்குக் கண் போய்ப் பதினாலு வருடம். குளுக்கோமா. அதற்கு முன்னர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு ஸ்ரூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு இருட்டறைக்கு உயர்ந்து, பிறகு கமெராவுக்குப் பின்னால் நின்றவன். 1990இல் போரால் தீவுப்பகுதிச் சனத்தில் பெரும்பகுதி இடம்பெயர்ந்தபோது நானும் போனேன். பிறகு திரும்பி வந்தேன். இப்போது ஊர்காவற்றுறையில் பழைய வீட்டின் களஞ்சிய அறைதான் எனது இருட்டறை. அதற்கு யன்னல் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது தேவையில்லாத தகவல். ஆனால் பிலிமுக்குத் தேவை.

அந்த வெட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லப்போகிறேன். லென்ஸைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். டெஸ்ஸார் பெரிதா, சிம்மார் பெரிதா என்று இரவு முழுக்கக் கதைப்பார்கள். பெலோஸ், மரம், பித்தளை என்று உருகுகிறவர்களும் உண்டு. தாளின் கட்டையான ஓரத்தில், ஒரு நகத்தின் அகலத்துக்குள் அடங்கிவிடும் அந்தப் பள்ளத்தைப் பற்றி யாரும் இரண்டு நிமிடம் கதைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அது இல்லாவிட்டால் இவர்களுடைய டெஸ்ஸாரும் சிம்மாரும் பிலிமின் முதுகில்தான் படம் விழுத்தும்.

அது பக்கத்தை மட்டும் சொல்லி நிற்பதில்லை, தனது பெயரையும் சொல்லும். எஃப்பி4 இன் வெட்டு ஒரு மாதிரி, எச்பி5 இன் வெட்டு வேறு மாதிரி, கொடாக்காரனுடையது வேறு சாதி. சில பள்ளம் கூர், சில வட்டம், சில சதுரம். எத்தனை இருக்கின்றன, எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன என்பதெல்லாம் எழுத்துத்தான். பிரெய்ல் பிந்தித்தான் படித்தேன். ஐம்பது வயதில் விரல் அவ்வளவு கெதியாகப் படியவில்லை. ஆனால் பயிற்றுவித்த அம்மா முதல் நாளே கேட்டார், "ஐயா, நீங்கள் முந்தி ஏதோ விரலால வாசிச்சிருக்கிறியள் போல?" வாசித்திருந்தேன். முப்பது வருடம் அந்த ஓரத்தைத்தானே வாசித்தேன்.

எனக்கு அதைக் காட்டியவர் ஸ்ரூடியோ மாஸ்ரர். அவர் கண்ணாடித் தட்டுக் காலத்து ஆள். கண்ணாடிக்கு ஏது வெட்டு? அவர் தலைமுறை தட்டின் ஓரத்தைக் கீழுதட்டில் தொட்டுப் பார்க்கும். ஒட்டினால் மருந்து, வழுக்கினால் கண்ணாடி. பிலிம் வந்து பல வருடமான பின்னும் மாஸ்ரருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. இருட்டில் எனக்குப் பக்கத்தில் மெல்லிய ஒரு 'இச்' கேட்கும். தாளுக்கு முத்தம் கொடுப்பது போல. அது முடிந்த பிறகுதான் விரலால் வெட்டைத் தேடுவார். "உதடு பொய் சொல்லாது, விரல் சிலவேளை சொல்லும்" என்பார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். உதட்டில் எச்சில் இருக்கும். ஈரம் பட்ட இடம் நெகற்றிவில் நட்சத்திரம் மாதிரி நிற்கும். அவர் எடுத்த ஒரு கலியாணப் படத்தில் மாப்பிள்ளையின் தலைக்கு மேலே ஒரு ஒளிவட்டம் இருந்தது. அது சாமி கொடுத்தது என்று பெண் வீட்டார் நம்பினார்கள். மாஸ்ரர் மறுக்கவில்லை.

அவருடைய நகங்கள் பைரோ டெவலப்பரில் ஊறி மண்ணிறமாய் இருந்தன. பார்வை இருந்த காலத்தில் நான் கண்ட கைகளில் இப்போதும் மறக்காதது அந்தக் கைகள்தான். நூறு நகைக்கடைக்காரர் கைகளுக்கு நடுவில் விட்டாலும் கண்டுபிடித்திருப்பேன்.

கற்றுக்கொடுத்த விதத்தையும் சொல்லவேண்டும். பழுதான பிலிம் பத்தும் அவற்றைச் செருகும் ஹோல்டர் ஒன்றும் தந்து, முதலில் வெளிச்சத்தில் ஏற்று என்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு. பிறகுதான் இருட்டறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"கண்ணைத் திறந்தே வைச்சிருக்கிறாய்?"

"ஓம் மாஸ்ரர்."

"மூடு. திறந்திருந்தால் புத்தி அங்கைதான் போய் நிக்கும். விரலுக்கு வராது."

அது இருட்டு, திறந்தால் என்ன, மூடினால் என்ன என்று அன்றைக்கு நினைத்தேன். மூடிப் பார்த்தேன். உண்மைதான். திறந்த கண் இல்லாத வெளிச்சத்தை ஓயாமல் தேடும். மூடிய கண் தேடுவதை விட்டுவிட்டு இடத்தை விரலுக்குக் கொடுக்கும். பதினாலு வருடத்துக்கு முன் கண் முழுதாகக் கைவிட்ட அந்த மாதங்களில் மற்ற எல்லா இடத்திலும் நான் தடுமாறினேன். கிணற்றடியில், றோட்டில், சாப்பாட்டுத் தட்டில்கூட. இருட்டறையில் மட்டும் தடுமாறவில்லை. அங்கே எனக்கு எதுவும் நடந்திருக்கவில்லை.

சிவப்பையும் உணரும் பான்குரோமற்றிக் மருந்து வந்த நாளிலிருந்தே இந்தத் தொழில் குருடர் தொழில்தான். 1906இல் இங்கிலாந்தில் ராட்டன் அன்ட் வெய்ன்றைட் அந்தத் தட்டை விற்பனைக்கு விட்டபோது சிவப்பு விளக்கின் காலம் முடியத் தொடங்கியது. அதற்கு முன் விளக்கொளியில் தட்டைப் பார்த்துப் பார்த்துக் கழுவினார்கள். அதற்குப் பின் எந்தப் பெரிய படக்காரனாக இருந்தாலும், அன்செல் அடம்ஸாக இருந்தாலும், தாளை ஏற்றும்போதும் தட்டில் கழுவும்போதும் என் நிலைமைதான். பார்வையுள்ளவர்கள் அதை இரவல் இருட்டு என்று நினைத்துக் கெதியாய் முடித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். அதனால்தான் அவர்களுடைய நெகற்றிவ்களில் இத்தனை கீறல்.

கீறல் என்றதும் தட்டுக் கழுவல் ஞாபகம் வருகிறது. எனக்கு உள்ளதில் பிரியமான வேலை அது. ஆறு தாளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் நனைத்து, ஒன்றோடொன்று ஒட்டாதபடி ஊறவிட்டு, டெவலப்பர் தட்டுக்குள் விட்டு, அடியில் கிடப்பதை உருவி மேலே வைப்பது. ஐந்து செக்கனுக்கு ஒன்று. ஆறுக்கும் ஒரு சுற்று அரை நிமிடம். ஒரு தாளின் மூலை மற்றத் தாளின் முதுகில் படாமல் உருவ வேண்டும். ஊறிய ஜெலற்றின் பழுத்த நொங்கின் தோலுக்கு உள்ளே இருக்கும் சவ்வு மாதிரி. நகம் பட்டால் போச்சு. முதல் தாளை மட்டும் வெட்டு எதிர்ப்பக்கம் வரும்படி தலைகீழாகப் போடுவேன். சுற்றிவரும்போது அந்த மூலையில் விரல் எதிர்பார்க்காத பள்ளம் தட்டுப்பட்டால் ஒரு சுற்று முடிந்தது. எண்ணத் தேவையில்லை. வரிசையில் ஒருவன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். அவனைக் கண்டால் அரை நிமிடம்.

இந்த இடத்தில் டிரம் கட்சிக்காரர் குறுக்கிடுவார்கள். மூடியுள்ள உருளைக்குள் போட்டு மோட்டாரில் சுழற்றினால் ஒரு கீறல் வராது, மருந்து மிச்சம், வெளிச்சத்திலேயே செய்யலாம் என்பார்கள். எல்லாம் சரி. புட்டைக் குழலிலும் அவிக்கலாம், நீத்துப்பெட்டியிலும் அவிக்கலாம்; இரண்டும் வேகும். நீத்துப்பெட்டிப் புட்டில் ஓலை மணம் இருக்கிறது என்று சொன்னால் குழல்காரருக்குக் கோபம் வரும். நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் டிரம்மில் கழுவுகிறவனுக்குத் தனது பிலிம் எப்போது வீங்கியது, எப்போது வழுக்கத் தொடங்கியது, ஸ்டொப் பாத்தில் விழுந்ததும் அந்த வழுக்கல் எப்படி நின்று தாள் 'கிறீச்' என்று இறுகியது என்பதெல்லாம் தெரியாது. டெவலப்பர் காரம், சவர்க்காரம் போல் வழுக்கும். புளி பட்டதும் விரலுக்குப் பிடி வரும். மூக்குக்கு வினாகிரி. அதற்குப் பிறகு பிக்ஸரின் கந்தக வாடை. கண் இல்லாதவன் எந்தத் தட்டில் நிற்கிறான் என்று குழம்ப வாய்ப்பே இல்லை. குழம்புகிறவன் தடிமன் பிடித்தவனாய் இருப்பான்.

சூட்டோடுதான் எங்கள் பாடு. புத்தகம் 20 பாகை என்கிறது. எங்கள் தொட்டித் தண்ணீர் சித்திரையில் 30ஐத் தொடும். மாஸ்ரர் காலத்தில் டெவலப்பருக்குள் சோடியம் சல்பேற் போட்டு ஜெலற்றின் வீங்காமல் பிடித்தோம். பிறகு குரோம் அலத்தில் இறுக்கினோம். இப்போது எனக்கு மீன் வாடியில் ஐஸ் கிடைக்கிறது. ஐஸ் துண்டைப் பையில் கட்டித் தட்டுக்கு வெளியே வைக்கவேண்டும். ஒருமுறை உள்ளே கசிந்துவிட்டது. அந்த நெகற்றிவ் நன்றாக வந்ததாக மருமகன் சொன்னான். எனக்கென்னவோ அறை முழுக்கச் சூடை மணம்.

கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர். குடாநாட்டுத் தண்ணீர் சுண்ணாம்பு, தீவுத் தண்ணீர் சுண்ணாம்போடு உப்பும். அதில் காயவிட்டால் நெகற்றிவ் மேல் தூள் படியும், விரலுக்கே தெரியும். மாரியில் பீலித் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்தால் வருடம் ஓடும்.

சரி, கண் தெரியாதவர்கள் எடுத்த படம் என்ற பெயரில் உலகத்தில் நடப்பதைப் பற்றியும் என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 2009இல் கலிபோர்னியாவில், ரிவர்சைட் நகரில், டக்ளஸ் மக்கலோ என்பவர் அப்படிப்பட்ட பலரை ஒன்றுசேர்த்துப் பெரிய கண்காட்சி வைத்தார். சுலோவேனியாவில் 1946இல் பிறந்து, பன்னிரண்டு வயதுக்குள் இரண்டு கண்ணும் போய், பிறகு பாரிஸுக்குப் போன எவ்கென் பாவ்சாரைத் தெரியாதவர்கள் இல்லை. சகோதரியின் சோர்க்கி கமெராவில் தொடங்கியவர். இருட்டில் ரோச் வெளிச்சத்தால் உருவங்களைத் தடவித் தடவி எடுப்பார். பீற் எக்கேட்டும் அந்த வழிதான், வெளிச்சத்தைத் தூரிகையாக்கியவர். மும்பையில் பார்த்தோ பௌமிக் 2006இல் தொடங்கிய முயற்சியில் எத்தனையோ பேர் கமெரா தூக்கினார்கள். படத்தைப் புடைப்பாக அச்சிட்டு விரலால் பார்க்கவும் வைத்தார்கள். இவர்கள் எல்லோரிலும் எனக்கு மரியாதை உண்டு. பாவ்சார் ஒரு தத்துவக்காரர், கதைத்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் போய் விழும் பள்ளம் ஒன்றுதான்: அகக்கண். உள்ளே ஒரு கண் திறந்திருக்கிறது, நமக்குத் தெரியாததை அது பார்க்கிறது என்று. எனக்கு உள்ளே எந்தக் கண்ணும் திறக்கவில்லை. திறந்திருந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேடியிருப்பேன். எனக்குத் திறந்தவை பத்து விரல். அதைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. கண்காட்சிச் சுவரில் படத்துக்குக் கீழே இரக்கம் இரண்டு வரி எழுதுவார்கள். எந்தத் தாள், எந்த மருந்து, எத்தனை நிமிடம் என்று எழுத மாட்டார்கள். தச்சனுக்குக் கை இல்லாவிட்டாலும் கதிரையின் கால் ஆடுகிறதா என்றுதானே பார்க்கவேண்டும்.

அதனால்தான் எனக்கு ஜோன் டக்டேல். நியூயோர்க்காரர். பெரிய கடைகளுக்கு விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். 1990களின் தொடக்கத்தில் எயிட்ஸ் நோயோடு வந்த விழித்திரைத் தொற்றில் பார்வையின் பெரும்பங்கு போய்விட்டது. அப்போது அவருக்கு முப்பதைத் தாண்டிக் கொஞ்ச வயதுதான். சின்னக் கமெராவுக்கு, தானாகக் குவியும் கமெராவுக்குப் போயிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் புத்திமதியாகச் சொல்லியிருப்பார்கள். அவர் நேரெதிராகப் போனார். பழைய பெரிய கமெரா, பெரிய தாள், அதை அப்படியே சமஅளவில் சயனோரைப்பாக அச்சிடுவது. 1842இல் ஜோன் ஹெர்ஷல் கண்டுபிடித்த அந்த நீல அச்சுக்கு வெயிலும் தண்ணீரும் போதும். குவியம் பார்ப்பதற்கு உதவியாளர் இருந்தார்கள். அதை அவர் ஒளிக்கவில்லை. 1995இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தைக் கண்ணுள்ள ஒரு நண்பர் பக்கம் பக்கமாக எனக்குச் சொல்லிக் காட்டினார். ஒரு மனிதர், ஒரு கதிரை, ஒரு கிண்ணம், யன்னல். அவ்வளவுதான். நான் இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டது ஒன்றுதான்: ஓரம் எப்படி, ஓரம் எப்படி? நண்பருக்கு எரிச்சல். "ஓரத்தில என்ன இருக்குது, நீலம்தான்."

ஓரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சமஅளவு அச்சில் ஹோல்டரின் தண்டவாளம் மறைத்த கோடு நிற்கும். வெட்டை மறைக்காமல் விட்டால் அதுவும் நிற்கும். ஒரு படக்காரன் தனது தாளின் ஓரத்தை வெட்டி எறிகிறானா, வைத்திருக்கிறானா என்பதில் ஆளைப் படிக்கலாம் என்பது என் கட்சி.

டக்டேலைக் கேட்டபின் நானும் நீல அச்சுக்குப் போனேன். வெயிலுக்கு எங்கள் பக்கம் என்ன பஞ்சம்? பஞ்சம் தண்ணீரில் வந்தது. எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் அலசினால் நீலம் வெளிறிப்போகிறது. காரம் நீலத்தைத் தின்னும். அலசும் தண்ணீரில் அரைத் தேசிக்காய் பிழிந்துவிட்டால் நிற்கிறது. கிளியராக வருகிறதாம். கோழிக்கறிக்கு வாங்கின தேசிக்காயை எங்கே என்று வீட்டில் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை.

நெடுந்தீவுக்கு நான் படம் எடுக்கப் போவது கல்வேலிகளுக்காக. குதிரையையும் பெருக்கமரத்தையும் கோட்டையையும் எல்லோரும் எடுக்கிறார்கள். எனக்கு அந்தச் சுவர்கள் போதும். பவளக் கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நம்பி நிற்கும். கச்சான் காற்று அதற்குள்ளால் நுழைந்து வருகையில் சுவர் மெல்ல ஊதும். கையால் தடவிக்கொண்டு இருபது அடி நடந்தால் சுவர் எங்கே பருத்திருக்கிறது, எங்கே சரிந்திருக்கிறது, எங்கே ஒரு கல் புதிதாய் வைத்தது என்று தெரியும். புதிய கல்லில் கூர் மழுங்கியிருக்காது.

குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலப் பாடு. ஆறு ஹோல்டரைப் பொலித்தீனில் சுற்றிச் சாக்குக்குள் வைத்து, சாக்கை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். கடல் தெறித்தால் சட்டை நனையட்டும். ஹோல்டரைத் தூக்கிக் கும்பிடுவதுபோல் தலைக்கு மேலே பிடிப்பதைக் கண்டு ஒருமுறை பக்கத்தில் இருந்த கிழவி, "தம்பி, அம்மாளுக்குக் கொண்டுபோற நேர்த்தியோ?" என்று கேட்டா. நயினாதீவு அம்மன் கோவில் படகுக்கு ஏறவேண்டியவன் பிழையாக ஏறிவிட்டான் என்று நினைத்திருக்கிறா.

எடுக்கும் விதம் எளிது. லென்ஸ் பலகையில் ஒரு கயிறு கட்டியிருக்கிறேன். இரண்டு கையும் விரித்த நீளமான ஒரு பாகத்தில் ஒரு முடிச்சு, ஒன்றரையில் ஒன்று, இரண்டில் ஒன்று. கயிற்றை இழுத்துச் சுவரில் எந்த முடிச்சு தொடுகிறது என்று பார்ப்பது. கமெராவின் படுக்கையில் அந்த மூன்று தூரத்துக்கும் அரத்தால் மூன்று கோடு போட்டிருக்கிறேன். முன்பலகை அந்தக் கோட்டில் நின்றால் குவியம் நின்றது. நேராக நிற்கிறதா என்று பார்க்க மேசனின் தூக்குக்குண்டு. நூலுக்கும் கமெராவின் முதுகுக்கும் நடுவே விரல் ஓடவேண்டும், மேலும் கீழும் ஒரே இடைவெளியில். எஃப்32இல் மருமகளின் கியூடெக்ஸால் ஒரு பொட்டு. எஃப்பி4, முழு வெயில், எஃப்32, முப்பதில் ஒரு செக்கன். நெடுந்தீவு மதியத்துக்கு மீற்றர் எதற்கு? முகில் போனால் கன்னம் சொல்லும்.

ஹோல்டரை மூடும் டார்க் ஸ்லைட்டின் பிடியில் வெள்ளைப் பக்கம் பரு, கறுப்புப் பக்கம் வழுவழு. மாஸ்ரர் சொல்லித் தந்த மந்திரம், பரு பட்டால் பச்சை, வழுக்கினால் வெந்தது. எடுத்து முடித்ததும் பிடியைத் திருப்பிச் செருகினால் வெந்ததாகிவிடும். நாற்பது வருடத்தில் வெந்ததை மறுபடி அவித்தது இரண்டே தரம். இரண்டும் கண் இருந்த காலத்தில்.

தரம் இறங்கிப்போனதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிட்டடியில் பிரபலமான ஒருவரிடமிருந்து புதிய ஹோல்டர் இரண்டு தருவித்தேன். பிடியில் இரண்டு பக்கமும் வழுவழு. கேட்டால், நிறத்தால் அடையாளம் காணலாம் ஐயா என்று பதில். நிறமா! இருட்டில் அவர் எந்த நிறத்தைக் காண்கிறார் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். ஊசியைச் சுடவைத்து ஆறு பொட்டு நானே குத்தினேன். மலிவுப் பிலிம் சிலதில் வெட்டும் ஆழமில்லை. அச்சு தேய்ந்திருக்கவேண்டும். விரல் போய் வழுக்கிக்கொண்டு திரும்பி வருகிறது. ஒரு பெட்டி முழுக்க மாஸ்ரரின் உதட்டு வைத்தியத்துக்குத் திரும்பவேண்டி வந்தது. அவர் எங்கேயோ இருந்து சிரித்திருப்பார்.

சாதாரண எக்ஸ்ரே பிலிமில் வெட்டே இல்லை. இருந்தும் பிரயோசனமில்லை, இரண்டு பக்கமும் மருந்து. மலிவென்று இப்போது பெடியள் அதை வாங்கி நாலுக்கு ஐந்தாய் வெட்டி எடுக்கிறார்கள். நானும் செய்து பார்த்தேன். எட்டுக்குப் பத்துத் தாளை நாலாக வெட்டினால் துண்டு ஹோல்டருக்குள் போகாது. நிஜமான நாலுக்கு ஐந்துத் தாள், பேர் சொல்லும் அளவைவிட அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு குறைவு. இன்னொரு தரம் சீவவேண்டும். எக்ஸ்ரே தாளின் மூலைகள் உருண்டவை. ஆகவே ஒவ்வொரு துண்டிலும் ஒரு மூலை உருண்டும் மூன்று கூராகவும் நிற்கும். அதைத்தான் வெட்டுக்குப் பதிலாக வைத்துக்கொள்கிறேன். மனம் ஆறாமல் நகம்வெட்டியால் அந்த மூலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடியும் கடித்துவிடுவேன். எதற்கும் ஒரு பெயர் வேண்டாமா.

எக்ஸ்ரேக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதற்குப் பின்பும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே இருட்டறைகளில் கண் தெரியாதவர்களைப் பயிற்றி வேலைக்கு வைத்தார்கள். இரக்கத்துக்காக இல்லை, அவர்கள் கெதியாய், பிழையில்லாமல் செய்தார்கள். 1956இல் கொடாக் எக்ஸ்-ஓமற் என்ற உருளை மெஷினைக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் தாளைக் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து வரும். அது பரவப் பரவ அந்த விரல்களுக்கு வேலை இல்லாமல் போனது. அந்த ஆட்களில் ஒருவராவது ஓய்வு நாளில் படம் எடுத்தாரா என்று அறிய எனக்குத் தீராத ஆசை. தமிழ் மண்ணிலும் ஒரு பிலிம் ஆலை இருந்தது. உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்காரர் 1967 முதல் பிலிம் செய்தார்கள். எக்ஸ்ரே தாளும் 'இந்து' என்ற பெயரில் போட்டார்கள். அந்த ஆலையும் இப்போது இல்லை. தமிழ் மண்ணில் பூசின மருந்து என்று சொல்லிக்கொள்ள இனி ஒரு தாளும் வராது. இதற்கு யாரும் ஒப்பாரி வைத்ததாகத் தெரியவில்லை.

என் படங்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்பார்கள். சொன்னால்தானே எனக்குத் தெரியும், அதுவும் ஆளுக்கு ஒரு விதமாய்ச் சொல்வார்கள். ஒருவருக்குச் சுவர், இன்னொருவருக்கு முதலையின் முதுகு. ஈரமாய் இருக்கும்போது நெகற்றிவில் வெளிச்சம் கூடின இடம் மேடாக நிற்கும், விரலுக்குப் படும் என்று பைரோக் கட்சிக்காரர் சொல்வதுண்டு. எனக்கும் ஓரிரு தரம் பட்டது மாதிரி இருந்தது. நான் அதை நம்புவதில்லை. நம்பத் தொடங்கினால் நாளைக்கு அகக்கண்ணையும் நம்பவேண்டி வரும்.

இப்போது தங்கச்சியின் பேத்தி படிக்க வருகிறாள். பதினாலு வயது. போனமாதம் பழுதான பிலிமைக் கொடுத்து வெளிச்சத்தில் நூறுதரம் ஏற்ற விட்டேன். பிறகு கண்ணை மூடி. போன ஞாயிறு முதல்தரம் நல்ல பிலிமோடு களஞ்சிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினோம்.

"தாத்தா, கண்ணை மூடவோ?"

நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மூடு என்றேன்.

பெட்டி மூச்சு விட்டது. உறை சரசரத்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. விரல் மூலையில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். ஹோல்டரின் கதவு கீழே விழுந்தது. தாள் தண்டவாளத்துக்குக் கீழே போனால் மெல்லிய 'சர்ர்ர்', ஒரே சீராக. மேலே போனால் தொடக்கம் அப்படியேதான் இருக்கும், நடுவில் மட்டும் ஒரு கரகரப்பு. அந்தக் கரகரப்புக் கேட்டது. வாயைத் திறக்கப் போனேன், திறக்கவில்லை. அவள் அரைவாசியில் நின்றாள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்க்கும் சத்தம், கிளம்பியது. தாளை வெளியே உருவி எடுத்தாள். மறுபடி மூலையைத் தொட்டிருப்பாள், அதற்கு ஒரு கணம் போனது. மறுபடி செருகினாள்.

சர்ர்ர். கதவு சாத்தியது.

"மற்றப் பக்கமும் ஏத்தட்டோ?" என்று கேட்டாள்.